விதைக்கு வைத்த கிழங்கு

நெல்லை விதைக்கும் முன் உப்புத் தண்ணீரில் கொட்டி மிதக்கும் பதரை நீக்குவார்கள். பிறகு ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளை வந்ததும் நாற்றங்காலில் தெளிப்பார்கள். பாகூர், வில்லியனூர் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பங்களில் பிறந்த நம்மில் பலர் சிறு வயதில் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் கிழங்குப் பயிர்களுக்கும் நடுவதற்கு முன் இப்படிப் பல வேலைகள் உண்டு என்பதும், அவற்றுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது என்பதும் நகரத்தில் வாழ்ந்துவிட்ட நமக்கு அவ்வளவாகத் தெரியாது. ஓய்வு பெற்றபின் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் உருளைக்கிழங்கைப் பற்றித்தான். கடைசியில் நம்மூர்ச் சேனைக்கும் மரவள்ளிக்கும் வருவேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் நெல் நடவுக்கு இருபது முப்பது கிலோ விதை போதும். ஒரு ஏக்கர் உருளைக்கிழங்குக்கு ஒரு டன்னுக்கு மேல் விதைக்கிழங்கு வேண்டும். நம் நாட்டில் உருளை சாகுபடிச் செலவில் ஏறக்குறைய பாதி விதைக்கே போய்விடுகிறது. அந்த விதை, நெல்லைப் போலத் தனியாகப் பிரித்து வைக்கிற மணி அல்ல. அது சமைத்துச் சாப்பிடக்கூடிய அதே கிழங்கு. வீட்டில் பசி என்றால் கை முதலில் அங்கேதான் போகும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மணி விதை என்பது தாய்ச்செடியிலிருந்து பிரிந்து பிறந்த புது உயிர். தாயின் நோய்களில் பல அதற்கு வருவதில்லை. கிழங்கு அப்படியல்ல. அது தாய்ச்செடியின் உடம்பிலேயே ஒரு துண்டு. தாய்க்கு இருந்த நோய், தாய் வளர்ந்த மண்ணில் இருந்த பூஞ்சணம், புழு முட்டை எல்லாம் கிழங்கோடு சேர்ந்து அடுத்த வயலுக்குப் போகும். இந்த ஓர் உண்மையை மனிதன் கண்டுபிடிக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை கொடுத்த விலையும் பெரிது.

பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் படித்தது

என்னைப்போல் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு பார்மாந்தியே என்ற பெயர் மறந்திருக்காது. ஆந்துவான் பார்மாந்தியே பிரெஞ்சு ராணுவத்தில் மருந்து தயாரிப்பவர். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் கைதியாகச் சிக்கினார். சிறையில் அவருக்குப் போட்ட சாப்பாடு உருளைக்கிழங்கு. பிரான்சில் அன்றைக்கு அதைப் பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகவே பார்த்தார்கள். உண்டால் நோய் வரும் என்றும் பலர் பயந்தார்கள். உண்டும் உடம்பு நன்றாகவே இருந்ததைக் கண்ட பார்மாந்தியே, ஊர் திரும்பியபின் வாழ்நாள் முழுவதும் அந்தக் கிழங்குக்காக வாதாடினார். பாரீசுக்கு வெளியே சப்லோன் என்ற மணற்பாங்கான இடத்தில் அரசர் கொடுத்த நிலத்தில் பயிரிட்டார். பகலில் சிப்பாய்களைக் காவல் வைத்து இரவில் விலக்கிக்கொண்டார் என்றும், 'காவல் போடுகிற அளவுக்கு உயர்ந்த பொருள்' என்று நினைத்து மக்கள் இரவில் திருடிப்போய்ப் பயிரிட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. வாத்தியார் இந்தக் கதையைச் சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். இன்றும் பாரீசில் அவர் பெயரில் ஒரு மெத்ரோ நிலையம் இருக்கிறது.

பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டது ஒன்று. பார்மாந்தியே காலத்திலேயே ஐரோப்பாவில் உருளைக்கிழங்குக்கு ஒரு விசித்திரமான கேடு வந்திருந்தது. புதிதாகக் கொண்டுவந்த கிழங்கு சில ஆண்டுகள் நன்றாக விளையும். அதிலிருந்தே விதை எடுத்து மறுபடி மறுபடி நட்டால், இலை சுருண்டு, செடி குட்டையாகி, ஒவ்வொரு ஆண்டும் விளைச்சல் குறையும். பிரெஞ்சில் இதைத் 'தெழெனெரெசான்ஸ்' என்றார்கள். நம் மொழியில் 'வம்சம் தேய்வது' என்று சொல்லலாம். இனத்துக்கு வயதாகிவிட்டது, மனிதனைப் போலக் கிழங்கும் கிழடு தட்டிப்போகிறது என்று பெரிய பெரிய அறிஞர்களே நம்பினார்கள். குளிர்ந்த மலைப்பகுதியிலிருந்து விதை வாங்கி நட்டால் இந்தக் கேடு குறைகிறது என்பதை மட்டும் விவசாயிகள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். ஏன் குறைகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.

செம்புப் பாத்திரத்துத் தண்ணீர்

விதையை மருந்தில் நனைத்தால் நோயைத் தடுக்கலாம் என்ற எண்ணம் கிழங்கில் பிறந்ததல்ல, கோதுமையில் பிறந்தது. அதுவும் பிரான்சில்தான். கோதுமைக் கதிருக்குள் மாவுக்குப் பதில் நாற்றமடிக்கும் கரித்தூள் நிறைந்திருக்கும் நோய் ஒன்று உண்டு. அந்தத் தூள் ஒட்டிய விதையை விதைத்தால் நோய் வருகிறது என்பதை 1755இல் மத்தியே தில்லே வயலில் சோதித்துக் காட்டினார். தூளில் இருப்பது உயிருள்ள பூஞ்சண வித்து என்பதை 1807இல் மோந்தோபான் ஊரைச் சேர்ந்த பெனெதிக்த் பிரெவோ நிறுவினார். செம்புப் பாத்திரத்தின் வழியே வந்த தண்ணீரில் போட்ட வித்துகள் முளைக்கவில்லை என்பதைக் கவனித்தார். அதிலிருந்து, விதைக் கோதுமையை மயில்துத்தக் கரைசலில் நனைக்கும் முறையைச் சொன்னார்.

தாவர நோயை நுண்ணுயிர் உண்டாக்குகிறது என்று பாஸ்தேருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் சொன்னார் என்றால் அது சிறிய விஷயமல்ல. ஆனால் பாரீசு அறிஞர்கள் அவருக்குச் செவிகொடுக்கவில்லை. அந்தப் பாராமுகத்தின் விலை அடுத்த நாற்பது ஆண்டுகளில் தெரிந்தது.

அயர்லாந்து

1845இல் ஐரோப்பாவில் உருளைக்கிழங்கைக் கருகல் நோய் தாக்கியது. இலை கறுத்து, ஓரிரு வாரத்தில் வயலே அழுகி நாறியது. மற்ற நாடுகளில் அது ஒரு பயிர் நட்டம். அயர்லாந்தில் ஏழைக் குடியானவர்களுக்கு உருளைக்கிழங்கைத் தவிர வேறு சாப்பாடே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் நட்டதும் 'லம்பர்' என்ற ஒரே ரகம்தான். பத்து லட்சம் பேர் அளவில் செத்தார்கள். அதே அளவு பேர் கப்பலேறிப் போனார்கள்.

இந்தப் பஞ்சத்தில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி 1847ஆம் ஆண்டு. அந்த ஆண்டு நோய் அதிகம் இல்லை. நட்டவை நன்றாகவே விளைந்தன. ஆனால் நட்டது மிகக் கொஞ்சம். ஏனென்றால் முந்தின குளிர்காலத்தில் பசி தாங்காமல் விதைக்கு வைத்த கிழங்கையும் மக்கள் தின்றுவிட்டிருந்தார்கள். நல்ல ஆண்டு வந்தும் அதைப் பயன்படுத்திக்கொள்ளக் கையில் விதை இல்லை.

நம் பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார், நள்ளிரவில் வந்த சிவனடியாருக்கு அமுது படைக்க, பகலில் வயலில் விதைத்த முளைநெல்லையே மழையில் போய் வாரிக்கொண்டு வந்தார் என்று படிக்கிறோம். அவர் கதையில் இறைவன் வந்து காப்பாற்றினார். அயர்லாந்துக் குடியானவனுக்கு அப்படி யாரும் வரவில்லை.

கருகல் நோய்க்குக் காரணம் பூஞ்சணம் போன்ற ஒரு நுண்ணுயிர்தான் என்பதை 1861இல் ஜெர்மானியர் ஆன்டன் டி பாரி சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவினார். அது கிழங்குக்குள்ளே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, நட்டபின் முளையோடு மேலே ஏறுகிறது என்பதும் தெரியவந்தது. அதாவது போன ஆண்டு நோயை விவசாயி தன் கையாலேயே இந்த ஆண்டு வயலில் நட்டுக்கொண்டிருந்தான். விதைக்கிழங்கை நடுவதற்கு முன் கவனிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அப்போதுதான் ஒரு காரணம் கிடைத்தது. நம் நாட்டில் இந்த நோய் முதலில் தென்பட்டது நீலகிரியில், 1870க்கும் 1880க்கும் இடையே.

முளை கட்டும் தட்டு

மருந்து வருவதற்கு முன்பே விவசாயிகள் கண்டுபிடித்த ஒரு வேலை உண்டு. கிழங்குக்கு முளை கட்டி நடுவது. பிரான்சில் இதற்கென்றே ஆழமில்லாத, சுற்றிலும் சட்டம் வைத்த மரத்தட்டுகள் இருக்கும். 'கிளெயேத்' என்பார்கள். அவற்றில் கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காற்றும் மங்கலான வெளிச்சமும் படும் இடத்தில் சில வாரம் வைப்பார்கள். பிரெத்தாஞ் கடற்கரை ஊர்களில் முதல் பருவக் கிழங்கைச் சந்தைக்கு அனுப்புகிறவர்களுக்கு இது இல்லாமல் தொழிலே இல்லை. முளைத்த கிழங்கு மண்ணில் விழுந்தவுடன் வளரத் தொடங்கும், சீராக முளைக்கும், அறுவடையும் முந்தும். இரண்டு வாரம் முந்தினால் சந்தையில் விலை வேறு. லாபம் அங்கேதான் இருக்கிறது.

இதில் வெளிச்சம்தான் முக்கியம். இருட்டில் வைத்த கிழங்கில் வெள்ளை வெளேரென்று நீளமான முளை வரும். தொட்டாலே ஒடியும். நம் சமையலறைக் கூடையில் மறந்துபோன கிழங்கில் வருமே, அதேதான். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் முளை குட்டையாக, பச்சையும் ஊதாவுமாக, தடித்து வரும். நடும்போது ஒடியாது. 1971இல் பெரு நாட்டின் லிமாவில் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம், குளிர்பதனக் கிடங்குக்குச் செலவு செய்ய முடியாத ஆசிய, ஆப்பிரிக்க, தென் அமெரிக்கச் சிறு விவசாயிகளிடம் இந்த வெளிச்சக் கிடங்கு முறையைப் பரப்பியது. மூங்கிலும் பலகையும் இருந்தால் போதும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கிழங்கின் நுனியில் இருக்கும் கண் மற்றக் கண்களை அடக்கி வைக்கும். மூத்த அண்ணன் வீட்டில் இருக்கும்வரை தம்பிகள் வாய் திறக்காத கூட்டுக்குடும்பம் மாதிரி. அந்த நுனி முளையைக் கிள்ளிவிட்டால் மற்றக் கண்கள் எல்லாம் விழிக்கும். ஒரு கிழங்கிலிருந்து பல தண்டுகள் வரும், கிழங்குகளும் எண்ணிக்கையில் கூடும்.

கத்தியும் சாம்பலும்

விதை மிச்சமாகட்டும் என்று பெரிய கிழங்கை இரண்டு மூன்றாக வெட்டி நடுவது எல்லா நாட்டிலும் உண்டு. ஒவ்வொரு துண்டிலும் கண் இருக்க வேண்டும். வெட்டிய இடத்தில் சாம்பல் தடவுவதும் பழைய வழக்கம். வெட்டியவுடன் நடாமல் ஓரிரு நாள் ஈரப்பதமான நிழலில் வைத்தால், வெட்டுவாயில் தக்கை போன்ற ஒரு தோல் தானாகவே கட்டிக்கொள்ளும். அதன்பின் மண்ணில் அழுகாது.

ஆனால் கத்திக்கு ஒரு பாவம் உண்டு. வாடல் நோய்க் கிருமி உள்ள ஒரு கிழங்கை வெட்டிய கத்தி, அடுத்து வெட்டும் நல்ல கிழங்குகளுக்கும் அதைத் தடவிக்கொண்டே போகும். அதனால்தான் வெட்டும்போதெல்லாம் கத்தியைக் கிருமிநாசினியில் நனைக்கச் சொல்கிறார்கள். முடிந்தால் வெட்டாமல், 40, 50 கிராம் எடையுள்ள முழுக் கிழங்கையே நடச் சொல்கிறார்கள்.

மருந்துக் காலம்

அமெரிக்காவில் 1890களில் கிழங்கின் தோலில் சொறி பிடிக்கும் நோய் பெரிய தலைவலியாக இருந்தது. வடக்கு டகோட்டாவில் போலி என்ற பேராசிரியர் விதைக்கிழங்கைப் பாதரசக் குளோரைடு கரைசலில் ஊறவைத்துப் பலன் கண்டார். 1897இல் இந்தியானாவில் ஆர்தர் என்பவர் அதற்குப் பதில் ஃபார்மலினைச் சொன்னார். நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தவளையைப் போட்டு வைத்திருப்பார்களே, அந்தத் திரவம்தான். பிறகு முதல் உலகப்போர் காலத்தில் ஜெர்மனியில் கரிமப் பாதரச மருந்துகள் வந்தன. கொஞ்சம் போதும், வேலை உறுதி, விலையும் மலிவு. உலகம் முழுவதும் விதை என்றால் பாதரசம் என்று ஆயிற்று.

இதன் முடிவு ஈராக்கில் வந்தது. 1971ஆம் ஆண்டு அந்த நாட்டில் வறட்சி. அரசு வெளிநாட்டிலிருந்து பாதரச மருந்து கலந்த விதைக் கோதுமையும் வாற்கோதுமையும் வரவழைத்தது. சாப்பிடக் கூடாது என்று காட்டச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். ஆனால் பல ஊர்களுக்கு அது விதைப்புப் பருவம் முடிந்தபின்தான் போய்ச் சேர்ந்தது. மூட்டையில் இருந்த எச்சரிக்கையோ ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. சாயத்தைக் கழுவினால் விஷமும் போய்விடும் என்று நினைத்த குடும்பங்கள் கழுவி, அரைத்து, ரொட்டி சுட்டுச் சாப்பிட்டன. மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மட்டும் 6,530 பேர். அங்கே இறந்தவர்கள் 459 பேர். அரசு அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் காகிதத்தோடு காலம் கழித்தவன் என்ற முறையில் அந்த மூட்டைகளைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. எச்சரிக்கை அச்சடித்தாயிற்று, கடமை முடிந்தது என்று ஒருவர் கோப்பை மூடியிருப்பார். படிக்கிறவனுக்கு அந்த மொழி தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

நம் நாட்டிலும் உருளைக்கிழங்குக்குப் பாதரச மருந்து நெடுநாள் புழக்கத்தில் இருந்தது. 2001இல் அந்த வகை மருந்து ஒன்றை உருளைக்கும் கரும்புக்கும் விதை நேர்த்தி செய்ய மட்டும் என்று சுருக்கினார்கள். 2018இல் அதையும் தடை செய்தார்கள். இப்போது அதன் இடத்தில் போரிக் அமிலம் இருக்கிறது. வீட்டில் கேரம் பலகையில் தூவுவோமே, அதே தூள். 3 சதவீதக் கரைசலில் அரைமணி நேரம் விதைக்கிழங்கை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அதன்பின் குளிர்பதனக் கிடங்கில் வைக்கிறார்கள். பாதரசம் அளவுக்குக் கொடியதல்ல என்றாலும், அப்படி நனைத்த கிழங்கு சமையலுக்கு ஆகாது. விலை ஏறினாலும் சந்தைக்கு வரக்கூடாது.

தூங்குகிற கிழங்கு

அறுவடை செய்தவுடன் கிழங்கை நட்டால் முளைக்காது. இரண்டு மூன்று மாதம் அது தூங்கும். கிழங்குக்கு அது நல்லதுதான், ஆனால் அடுத்த பருவம் அதற்குள் வந்துவிட்டால் விவசாயிக்குச் சங்கடம். 1926இல் நியூயார்க் அருகே யாங்கர்சில் டென்னி என்ற ஆய்வாளர் சில ரசாயனங்களால் இந்தத் தூக்கத்தைக் கலைக்கலாம் என்று காட்டினார். அவற்றில் தையோயூரியா இன்றும் பயன்படுகிறது. 1 சதவீதக் கரைசலில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். பிறகு ஜிப்ரலிக் அமிலம் வந்தது. ஜப்பானில் நெற்பயிரை அசுரத்தனமாக நெட்டையாக்கிச் சாய்த்துவிடும் ஒரு நோயை ஆராயப்போய்க் கிடைத்த பொருள் அது. ஒரு பயிரைக் கெடுத்தது இன்னொன்றை எழுப்ப உதவியது.

நம் வடநாட்டில் இந்தத் தூக்கம் பெரிய சிக்கலாக இருந்தது. சமவெளியில் நட்டுவந்தால் வம்சம் தேய்கிறது என்று மலையிலிருந்து விதை வரவழைத்தார்கள். மலைக்கிழங்கு அறுவடையாகிக் கீழே வரும்போது அக்டோபர் நடவு நெருங்கிவிடும். கிழங்கோ தூங்கிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் அந்தப் பழைய பிரெஞ்சுப் புதிருக்கும் விடை வருகிறது. 1910களில் ஹாலந்தில் குவான்யெர் என்பவர் நோயுற்ற செடியை நல்ல செடியில் ஒட்டுக்கட்டி, இலைச்சுருள் கேடு தொற்றக்கூடியது என்று காட்டினார். பிறகு அது வைரஸ் என்பதும், அசுவினிப் பூச்சி அதைச் செடிக்குச் செடி சுமக்கிறது என்பதும் தெரிந்தன. கிழங்குக்கு வயதாகவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் வைரஸைச் சேர்த்துக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். குளிர்ந்த மலையில் அசுவினி குறைவு. மலை விதை நன்றாக இருந்ததன் ரகசியம் அதுவே.

வைரஸைப் போக்க எந்த மருந்துக் கரைசலாலும் முடியாது. ஆகவே அதற்கான வேலையை நடவுக்கு முன் அல்ல, முந்தின பயிரிலேயே தொடங்க வேண்டும். இதை நம் நாட்டுக்குச் செய்து கொடுத்தவர் சிம்லா மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் புஷ்கர்நாத். வடநாட்டுச் சமவெளியில் அக்டோபரிலிருந்து டிசம்பர் முடிய அசுவினி மிகக் குறைவு என்று கண்டார். 1950களின் இறுதியில் அவர் தந்த விதை வயல் முறை இதுதான்: அந்தக் காலத்துக்குள் விதைப்பயிரை வளர்க்க வேண்டும், நோயுற்ற செடியைப் பார்த்தவுடன் பிடுங்கிவிட வேண்டும், அசுவினி பெருகும் முன் ஜனவரித் தொடக்கத்தில் மேல் தழையை வெட்டிவிட வேண்டும். கிழங்கு மண்ணுக்குள் இரண்டு மூன்று வாரம் இருந்து தோல் முற்றும். பிறகு எடுத்து, போரிக் அமிலத்தில் நனைத்து, குளிர்பதனத்தில் அடுத்த அக்டோபர் வரை வைக்க வேண்டும். நடவுக்குப் பத்து நாள் முன் வெளியே எடுத்து நிழலில் பரப்பி முளை கட்ட வேண்டும். மலை விதையை நம்பியிருந்த நாடு சமவெளியிலேயே தன் விதையைத் தயாரித்துக்கொண்டது. இன்று உருளைக்கிழங்கு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் நாம் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நீலகிரியின் கதை

நம் பெரிய மார்க்கெட்டில் மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்குக்கு எப்போதும் தனி மரியாதை உண்டு. நீலகிரிக்கு உருளைக்கிழங்கு வந்தது ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில். 1961இல் அங்கே தங்கநிற முட்டைக்கூடு நூற்புழு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. குண்டூசித் தலையைவிடச் சிறிய கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு ஊர்விட்டு ஊர் போகும். அதனால் 1971இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தமிழக அரசு தடை விதித்தது. சமையலுக்குப் போகலாம், விதைக்குப் போகக்கூடாது. நல்ல விதை விளையக்கூடிய மலைக்கு இது பெரிய இழப்பு.

பல ஆண்டுகளுக்குப்பின் அதே புழு இமயமலைப் பகுதியிலும் தென்பட்டு, 2018இல் அங்கிருந்தும் விதை போகத் தடை வந்தது. சிம்லா நிறுவனம் இதற்குக் கண்டுபிடித்த வழி மிக எளியது. துணி வெளுக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் கிழங்கை அரைமணி நேரம் ஊறவைப்பது. முட்டைக்கூடு கரைந்து அழிந்துவிடுகிறது.

நம்மூர்ச் சேனையும் மரவள்ளியும்

என் அம்மாவைப் பெற்ற ஆயா கிணற்றடியில் சேனை போடுவார். பெரிய கிழங்கை, நடுக்குருத்தின் ஒரு பங்கு ஒவ்வொரு துண்டிலும் இருக்கும்படி, தேங்காய்க் கீற்றுப் போல வெட்டுவார். சாணியைக் கெட்டியாகக் கரைத்து அதில் துண்டுகளைப் புரட்டி எடுத்து நிழலில் காயவைப்பார். வெயிலில் வைக்க விடமாட்டார். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான்" என்பார். திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் அதே சாணிக் கரைசலைத்தான் சொல்கிறது. அதோடு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தையும் கலக்கச் சொல்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பிரெஞ்சுத் தட்டுக்கும் அமெரிக்க ஃபார்மலினுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆயாவின் சாணிப்பால் ஒன்றும் குறைந்ததல்ல.

சேனையில் விதைச் செலவு உருளையைவிட அதிகம். முக்கால் கிலோ, ஒரு கிலோ துண்டை நட்டால்தான் பெரிய கிழங்கு கிடைக்கும் என்பது வழக்கம். விதைக்காக வளர்ப்பதாக இருந்தால் நூறு கிராம் துண்டே போதும் என்று அந்த நிறுவனம் காட்டியது. ஒரு கிலோ கிழங்கு பத்துச் செடியாகிறது. விதை வாங்கக் கடன்படுகிறவனுக்கு இது பெரிய உதவி.

மரவள்ளியில் நடுவது கிழங்கல்ல, தண்டுக் கரணை. ஆனாலும் கதை ஒன்றுதான். அங்கே அசுவினிக்குப் பதில் வெள்ளை ஈ, இலைச்சுருளுக்குப் பதில் தேமல் நோய். தேமல் கண்ட செடியிலிருந்து கரணை எடுத்தால் நட்ட அன்றே விளைச்சல் போயிற்று. சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி வயல்களில் இது பல ஆண்டுத் தொல்லை. மானாவாரிப் பயிருக்கு, கரணையைப் பொட்டாஷும் துத்தநாக சல்பேட்டும் இரும்பு சல்பேட்டும் கலந்த கரைசலில் இருபது நிமிடம் ஊறவைத்து நடக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மழை தவறினாலும் தொடக்கத்தில் தாங்கும் சக்தி கிடைக்கிறது. ஆகும் செலவு மிகக் குறைவு.

இவ்வளவையும் படித்தபின் எனக்குத் தோன்றியது இதுதான். தட்டு, சாம்பல், சாணி, போரிக் அமிலம், நிழல், பத்து நாள் பொறுமை. இவற்றில் எதுவும் சிறு விவசாயியின் கைக்கு எட்டாதது அல்ல. உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சில்லறை. எட்டாதது ஒன்றுதான். விதைக்கு வைத்ததை விதைக்கே வைத்திருக்கும் அளவுக்கு வீட்டில் சோறு இருக்க வேண்டும். அயர்லாந்திலும் ஈராக்கிலும் அது இல்லாதபோதுதான் எல்லாம் தவறிப்போனது. விதை நேர்த்தி சொல்லிக்கொடுக்கிறவர்கள் அதையும் சேர்த்துக் கவனித்தால் நல்லது.

மாடித்தோட்டம் போடும் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. கடைக்கிழங்கில் முளை தடுக்கும் மருந்து போட்டிருக்கலாம். அதை நட்டு முளைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். பச்சை பாய்ந்த கிழங்கை நடலாம், சமைக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் சேனையோ, கருணையோ, சிறுவள்ளியோ நடுவதற்குமுன் பெரியவர்கள் வேறு ஏதாவது செய்து பார்த்த நினைவு இருந்தால் எனக்கு எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. என் ஆயாவுக்கும் தெரியாது.